மேட்டூர் டேம்: தண்ணி டெல்டாவுக்கு, ஊரு தண்ணிக்குள்ள

ஜூன் மாசம் நெருங்கிட்டா போதும், எந்த நியூஸ் சேனலைப் போட்டாலும் கீழ ஒரு வரி ஓடிட்டே இருக்கும், மேட்டூர் அணை நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, இருப்பு இத்தனை டிஎம்சின்னு. தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் இருக்கறவங்களுக்கு அது குறுவை, அதாவது ஜூன் வாக்குல போடற குறுகிய கால நெல்லு, போடலாமா வேணாமாங்கற கணக்கு. அதே நம்பர் கொளத்தூர், பண்ணவாடி, நாகமரை பக்கம் இருக்கறவங்களுக்கு வேற கணக்கு, தண்ணி ஏறினா பரிசல் துறை எங்க வந்து நிக்கும், இறங்கினா எந்த நிலம் வெளிய வரும், அதுல கம்பு சோளம் ஏதாவது தூவலாமா, இந்த மாதிரி. முதல் கணக்கைப் பத்தி எழுதாத ஆளே இல்ல. ரெண்டாவதைப் பத்தி அணை வத்திப் போற வருஷத்துல மட்டும் ஒரு வாரம் பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. என்னைக் கேட்டா இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் மேட்டூரோட கதை முழுசா புரியும்.

முதல்ல அந்த நம்பரை ஒரு தடவை சரியா பார்த்துடலாம், ஏன்னா நிறைய பேர் 120 அடிங்கறதை அணையோட உயரம்னு நினைச்சுட்டு இருக்காங்க. 120 அடிங்கறது தண்ணி தேங்கி நிக்கற முழு அளவு. சுவர் அஸ்திவாரத்துல இருந்து பார்த்தா 214 அடி, நீளம் 5300 அடி, அடிப்பாகத்துல மட்டும் 171 அடி அகலம். 120 அடி இருந்தா 93.47 டிஎம்சி, ஒரு டிஎம்சின்னா 100 கோடி கன அடி. இப்ப 120 அடில 93ன்னா 60 அடில பாதி இருக்கும்னு தோணும் இல்லையா, அங்கதான் தப்பு. 100 அடிக்கு வந்தாலே 65க்குக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும், 50 அடில 18 டிஎம்சி பக்கம். அதாவது மேல இருக்கற 20 அடில மட்டும் 28 டிஎம்சிக்கு மேல நிக்குது, கீழ இருக்கற 50 அடி மொத்தமும் சேர்ந்து அதுக்குக் கிட்ட கூட வராது. காரணம் பள்ளத்தாக்கோட வடிவம்தான், அடில குறுகலா ஆத்துப் படுகை, மேல போகப் போக ரெண்டு பக்கமும் விரிஞ்சு முழுசா நிரம்பும்போது 59 சதுர மைலுக்குத் தண்ணி பரவி நிக்கும். அந்த விரிஞ்ச பாகம் பூரா ஒரு காலத்துல ஊரும் காடும் தோட்டமும்தான். டெல்டாவுக்கு வேண்டிய தண்ணில பெரும்பங்கு, மனுஷங்க குடியிருந்த உயரத்துல நிக்கற தண்ணிதான்.

சரி, இவ்வளவு பெரிய அணை இங்க எதுக்கு வந்துச்சு?

டெல்டால பாசனம் ரெண்டாயிரம் வருஷப் பழசு, ஆனா கல்லணை தண்ணிய சேர்த்து வைக்கற அணை கிடையாது, வர்ற தண்ணியக் காவேரி, வெண்ணாறு பக்கம் திருப்பி விட்டு மிச்சத்தக் கொள்ளிடத்துக்குத் தள்ளுற அணை. 1836 வாக்குல ஆர்தர் காட்டன் முக்கொம்புல மேலணை கட்டினதும் இதே வேலைக்குத்தான். வெள்ளம் வந்தா வந்த வேகத்துல கடலுக்குப் போயிடும், ஆகஸ்ட்ல குடகுல மழை ஏமாத்திட்டா பயிர் காயும். சேர்த்து வைக்கணும்னா மேல எங்கயாவது மலைக்கு நடுவுல கட்டணும், சமவெளில இடம் இல்ல. சீதாமலைக்கும் பாலமலைக்கும் நடுவுல காவேரி குறுகி வர்ற இடம் இதுக்குத் தோதா இருந்துச்சு. 1830கள்லயே இந்தப் பேச்சு கிளம்பிடுச்சு, ஆனா மேல மைசூர் சமஸ்தானம் இருக்கு, அவங்க ஒத்துக்கணுமே.

இங்கதான் கதை அரசியலா மாறுது. 1892ல மெட்ராஸும் மைசூரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கறாங்க, மைசூர் புதுசா பாசன வேலை எதாவது ஆரம்பிச்சா மெட்ராஸ்கிட்ட முன்கூட்டியே கேக்கணும்னு. 1910 வாக்குல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பெரிய அணை கட்டக் கிளம்புது, அங்க விஸ்வேஸ்வரய்யாவோட கண்ணம்பாடி (இப்ப கிருஷ்ணராஜ சாகர்) திட்டம், இங்க கர்னல் எல்லிஸ் போட்ட மேட்டூர் திட்டம். யாருக்கு எவ்வளவுன்னு சண்டை முத்தி நடுவர் வரைக்கும் போச்சு, அலகாபாத் ஹைகோர்ட் ஜட்ஜ் கிரிஃபின் 1914ல தீர்ப்பு சொன்னார், மெட்ராஸ் அதை ஏத்துக்காம லண்டன் வரைக்கும் கொண்டு போச்சு. கடைசில 1924 பிப்ரவரி 18 அன்னிக்குத்தான் எல்லாரும் கேள்விப்பட்டிருக்கற அந்த ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. மைசூர் கண்ணம்பாடிய 124 அடிக்குக் கட்டிக்கலாம், மெட்ராஸ் மேட்டூர்ல 93.5 டிஎம்சிக்குக் கட்டிக்கிட்டு 3 லட்சத்து 1 ஆயிரம் ஏக்கர் புதுசா பாசனம் பண்ணிக்கலாம், 50 வருஷம் கழிச்சு சில ஷரத்துகளைத் திரும்பப் பாக்கலாம். இன்னிக்கு வரைக்கும் நடக்கற காவேரி வழக்கோட வேர் பூரா இந்தத் தாள்லதான் இருக்கு.

கையெழுத்துப் போட்டு அஞ்சு மாசம் கூட ஆகல, 1924 ஜூலைல காவேரில அது வரைக்கும் யாரும் பார்க்காத வெள்ளம். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் வயசானவங்க ரொம்ப நாள் அந்த வெள்ளத்தை வெச்சே வயசு கணக்குப் போட்டுட்டு இருந்தாங்க. வெள்ளத்தத் தடுக்கவும் அணை வேணும்னு இதுக்கு மேல யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கல. அப்ப மெட்ராஸ் அரசுல பாசனத்தைப் பார்த்துக்கிட்ட சி.பி.ராமசாமி ஐயர் திட்டத்தைத் தள்ளிட்டுப் போனார், 1925ல வேலை ஆரம்பிச்சு 1934 ஆகஸ்ட் 21ல முடிஞ்சு கவர்னர் ஸ்டான்லி திறந்து வெச்சார். அதனாலதான் ஸ்டான்லி நீர்த்தேக்கம்னு பேரு. செலவு 4 கோடியே 80 லட்சம். அன்னிக்கு உலகத்துலயே பெரிய அணைகள்ல இதுவும் ஒண்ணு.

அணை கட்டறதுக்கு முன்னாடி அந்தப் பள்ளத்தாக்கு ஒண்ணும் வெறும் காடு கிடையாது. மைசூர் மேட்டுல இருந்து கொள்ளேகால் வழியா மலையிறங்கி சேலம், கோயம்புத்தூர் சமவெளிக்கு வர்ற பழைய பாதை காவேரிபுரம் வழியாத்தான் வந்துச்சு. வியாபாரப் பொதி வந்த பாதை, ஹைதர் திப்பு காலத்துப் படை வந்த பாதையும் அதுதான், அதனால காவேரிபுரத்துல கோட்டை இருந்துச்சு. திப்பு விழுந்ததுக்கு அடுத்த வருஷம், 1800ல, கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பின புக்கானன் நாட்டை அளந்து எழுதிட்டு வரும்போது இந்தக் கணவாய் வழியாத்தான் இறங்கினார். இப்ப அந்தப் பக்கம் போனா இப்படி ஒரு முக்கியமான இடம் இருந்ததுக்கு அடையாளமே தெரியாது, பஸ் ரூட்ல அது இன்னொரு ஊரு, அவ்வளவுதான்.

அணைல தண்ணி நிக்கறதுக்கு முன்னாடி பள்ளத்துல இருந்த ஊர்க்காரங்க காலி பண்ணி மேட்டுக்குப் போனாங்க. சாமி சிலைகளைத் தூக்கிட்டுப் போனாங்க, கட்டடத்தத் தூக்க முடியுமா? பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் அதோட பெரிய நந்தியும், கொஞ்சம் தள்ளி இரட்டைக் கோபுரம் வெச்ச ஒரு சர்ச்சும் அப்படியே தண்ணிக்குள்ள போச்சு. நீர்மட்டம் கிட்டத்தட்ட 80 அடிக்குக் கீழ இறங்க ஆரம்பிச்சா சர்ச் கோபுரத்தோட முனை தெரியும், இன்னும் பத்து அடி இறங்கினா நந்தி தலை வெளிய வரும், அதுக்கும் கீழ போனா கோயில் சுவரு, தூணு எல்லாம் சேத்தோட வெளிய நிக்கும். கோபுரத்துல செங்கல் பெயர்ந்திருக்கும், சுண்ணாம்புப் பூச்சு போயிருக்கும், ஆனா எத்தனையோ தடவை முழுகி எழுந்தும் நிக்குது, அந்தக் காலத்துக் கொத்தனாருங்களுக்கு ஒரு கும்பிடு போடணும். அந்த மாதிரி வருஷத்துல சனி ஞாயிறுல பண்ணவாடில ஒரே கூட்டம், கார் நிறுத்த இடம் இருக்காது, வறுத்த மீன் கடை வந்துடும், செல்ஃபி எடுப்பாங்க, வயசானவங்க சில பேர் கற்பூரம் ஏத்திட்டுப் போவாங்க. டெல்டால அதே வாரம் குறுவை போச்சேன்னு தலைல கை வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க. ரெண்டுக்கும் காரணம் அதே நீர்மட்டம்தான்.

தண்ணி நின்னதுல இன்னொரு விஷயம் நடந்துச்சு, அதை வெளியூர்க்காரங்க யோசிக்கவே மாட்டாங்க. முன்னாடி ஆறு, பரிசல் போட்டா கொஞ்ச நேரத்துல அக்கரை. அணை வந்ததும் அது ஏரி மாதிரி விரிஞ்சு போச்சு. மேற்குக் கரைல சேலம் மாவட்டத்து பண்ணவாடி, கோட்டையூர், கிழக்குக் கரைல தருமபுரி பக்கத்து நாகமரை, ஒட்டனூர், இவங்களுக்கு நடுவுல இன்னிக்கும் படகுலதான் போக்குவரத்து. பைக்கைக் கூட படகுல ஏத்திட்டுத்தான் போவாங்க, ரோட்டுல போகணும்னா மேட்டூரைச் சுத்திட்டு வரணும். பாலம் கட்டிக் குடுங்கன்னு தலைமுறை தலைமுறையா கேட்டுட்டு இருக்காங்க.

இப்ப அணைக்குக் கீழ இருக்கற ஊருக்கு வரலாம். மேட்டூர் டவுனே அணையால வந்த டவுனு. கல்லு, சிமெண்ட், மெஷின் எல்லாம் கொண்டு வர சேலத்துல இருந்து ரயில் பாதை போட்டாங்க, 1929ல அது ஓட ஆரம்பிச்சுது. ஸ்டேஷன் பேரே மேட்டூர் டேம்தான். வேலை செஞ்சவங்களுக்குப் போட்ட குடியிருப்புகளைச் சுத்தித்தான் ஊரு வளர்ந்துச்சு. அணைக்கட்டு முனியப்பன் கோயிலும் அணையோடவே பேர் வாங்கின கோயில், ஞாயித்துக்கிழமை ஆடு கோழின்னு அங்க நடக்கற சமையலைப் பார்த்தா அணைப் பார்க்குக்கு வந்தவங்க எத்தனை பேரு, முனியப்பனுக்கு வந்தவங்க எத்தனை பேருன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

1937ல அணை மின்நிலையம் வந்துச்சு, 40 மெகாவாட், அப்புறம் 1960கள்ல சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். கரண்டும் தண்ணியும் ஒரே இடத்துல மலிவா கிடைச்சா யாரு வருவா? உப்புத் தண்ணில கரண்ட் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கற கம்பெனி வரும், அப்படித்தான் 1936லயே மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்துச்சு. அலுமினியத்துக்கும் இதே கணக்கு, ஏற்காடு, கொல்லிமலைல பாக்சைட் இருக்கு, உருக்கறதுக்குக் கரண்ட் இங்க இருக்கு, 1965ல மால்கோங்கற அலுமினியக் கம்பெனி வந்துச்சு. 1980கள் கடைசில அனல் மின்நிலையம் 840 மெகாவாட், அணை கட்ட கல்லு ஏத்திட்டு வந்த அதே ரயில் பாதைல இப்ப நிலக்கரி வருது. விவசாயத்துக்குன்னு கட்டின அணை, தன்னைச் சுத்தி உண்டாக்கினது ஒரு தொழிற்சாலை ஊரு. அதனால நிறைய பேருக்கு வேலை கிடைச்சுது, ஆத்துக் காத்தோட கெமிக்கல் வாடையும் சேர்ந்து கிடைச்சுது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. நீர்மின்சாரம் எப்ப வேணும்னாலும் எடுக்க முடியாது, பாசனத்துக்குத் தண்ணி விட்டாத்தான் டர்பைன் சுத்தும். ஜனவரி 28ல அணைய மூடி ஜூன் 12 வரைக்கும் குடிதண்ணிக்கு மட்டும் கொஞ்சமா விடுவாங்க, கரண்ட் அதிகமா வேணுங்கற கோடைல மெஷின் கிட்டத்தட்ட சும்மா நிக்கும். போற தண்ணில இருந்து இன்னும் கொஞ்சம் பிழியலாம்னுதான் அணைக்குக் கீழ செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டைன்னு வரிசையா கதவணை கட்டினாங்க.

டவுன்காரங்களுக்கு நிஜமான திருவிழா 16 கண் மதகு திறக்கற நாள். இதை எல்லிஸ் பேருலதான் எல்லிஸ் உபரி நீர்ப்போக்கின்னு ரெக்கார்டுல சொல்லுவாங்க. முக்கியமான சுவர் மேல தண்ணி வழியவே வழியாது, அதுக்கு இடது கரைல மலை தாழ்ந்து இருக்கற ஒரு இடத்துல தனியா 16 கதவு, ஒவ்வொண்ணும் 60 அடி அகலம் 20 அடி உயரம். அணை நிரம்பிட்டா இந்தக் கதவுகளைத் தூக்குவாங்க, தண்ணி பாறை மேல வெள்ளையா விழுந்து தனிக் கால்வாய்ல சுத்தி வந்து கீழ ஆத்துல சேரும். வேடிக்கை பாக்கப் பாலம் மேல கூட்டம் நிக்கும், ஆனா அந்தக் கால்வாய்க் கரைல இருக்கற தங்கமாபுரிபட்டணம் மாதிரி இடத்துல ஜனங்க சாமானை மூட்டை கட்டிட்டு இருப்பாங்க, ரெவென்யூ ஆளுங்க மைக்ல சொல்லிட்டே போவாங்க. 2018 ஜூலை 23ல அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் 120 தொட்டப்பவும் இதுதான், 2024லயும் இதுதான்.

தண்ணி போய்ச் சேர்ற இடத்துலயும் எல்லாம் நல்லதாவே நடந்துடல. மேட்டூர் திட்டத்தோட சேர்த்து வெட்டினதுதான் கல்லணைக் கால்வாய், ஊர்ல புது ஆறுன்னு சொல்லுவாங்க. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணின்னு அது வரைக்கும் மானாவாரியும் ஏரிப் பாசனமுமா இருந்த பூமிக்குக் காவேரித் தண்ணி முதல் தடவையா போச்சு. கூடவே மலேரியாவும் போச்சு. புதுக் கால்வாய், கசியற வாய்க்கால், தேங்கி நிக்கற வயல் தண்ணி, கொசுவுக்கு இதைவிட என்ன வேணும்? 1930கள் பின்பாதில ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன்ல இருந்து பால் ரஸ்ஸல்னு ஒரு டாக்டர் பட்டுக்கோட்டைல வந்து உக்காந்து ஆராய்ச்சி பண்ணாரு, வீட்டுக்குள்ள பைரெத்ரம் மருந்து அடிச்சு வளந்த கொசுவக் கொன்னா நோய் குறையும்னு அந்த ஊர்கள்ல செஞ்சு காட்டினாங்க. டிடிடி வர்றதுக்கு முன்னாடி நடந்த வேலை இது. உலக மலேரியா வரலாறு எழுதறவங்களுக்குப் பட்டுக்கோட்டை தெரியும், பட்டுக்கோட்டைக்காரங்கள்ல எத்தனை பேருக்கு இது தெரியும்னு தெரியல.

ஜூன் 12 விஷயத்தையும் சொல்லிடறேன். அந்தத் தேதில தண்ணி விட்டா மூணு நாலு நாள்ல கல்லணைக்குப் போயிடும், குறுவைக்குச் சரியா இருக்கும், வடகிழக்குப் பருவமழைல கதிர் சாயறதுக்குள்ள அறுத்துடலாம். கணக்கு என்னவோ சரிதான், ஆனா திறந்து தொண்ணூறு வருஷத்துல அந்தத் தேதில சரியா திறந்தது கிட்டத்தட்ட 20 தடவைதான். சில வருஷம் முன்னாடியே திறந்துருக்காங்க, 2022ல மே 24லயே திறந்தாங்க, சுதந்திரத்துக்கு அப்புறம் மே மாசத்துல திறந்தது அதுதான் முதல் தடவை. நிறைய வருஷம் ஜூலை, ஆகஸ்ட்னு தள்ளித் தள்ளிப் போயிருக்கு. ஏன்னா மேட்டூர் காவேரியோட முதல் அணை இல்ல. கண்ணம்பாடிக்கு அப்புறம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கின்னு 1970கள், 80கள்ல மேல ஒண்ணொண்ணா வந்துச்சு, அதெல்லாம் நிரம்பி வழிஞ்சாத்தான் இங்க. கர்நாடகா வருஷத்துக்கு இவ்வளவு விடணும்னு 1991ல காவேரி நடுவர் மன்றம் இடைக்காலமா சொன்ன 205 டிஎம்சி மேட்டூர்ல அளக்கற கணக்கு, 2007 இறுதித் தீர்ப்புல 192 ஆகி அளக்கற இடம் மாநில எல்லைல இருக்கற பீலிகுண்டுலுக்குப் போச்சு, 2018ல சுப்ரீம் கோர்ட் அதை 177.25ன்னு குறைச்சுது. வண்டலும் சேர்ந்துட்டே வருது, கட்டி 83 வருஷம் கழிச்சு 2017 மே மாசத்துல, அணை கிட்டத்தட்ட காஞ்சு கிடந்தப்பதான், முதல் தடவையா தூர் வார ஆரம்பிச்சாங்க. விவசாயிங்க லாரி டிராக்டர்ல வண்டல அள்ளிட்டுப் போனாங்க.

இதுல சுத்து வட்டார விவசாயிக்கு என்ன கிடைச்சுதுன்னு கேட்டா, 1950கள்ல வந்த கிழக்கு மேற்குக் கரைக் கால்வாய், 45 ஆயிரம் ஏக்கர். அதுவும் அணைக்குக் கீழ ஈரோடு, நாமக்கல் பக்கம் வரைக்கும் போற தண்ணி. டெல்டா பாசனம் 16 லட்சம் ஏக்கர். அணைச் சுவர்ல இருந்து கூப்பிடு தூரத்துல இருக்கற மேச்சேரி, நங்கவள்ளி பக்கம் ஏரி எல்லாம் வருஷக் கணக்கா காஞ்சு கிடந்துச்சு, ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி இல்லன்னு நிலத்தை விட்டுட்டுத் தறிக்குப் போனவங்க நிறைய. 16 கண் மதகுல வழிஞ்சு ஓடறதைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்து டேங்கர் தண்ணி வாங்கறது அவங்களுக்குப் பழகிப் போன விஷயம்.

2020 மார்ச்ல 565 கோடி ரூபாய்ல சரபங்கா நீரேற்றுத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. அணை நிரம்பி உபரி வர்ற நாள்ல மட்டும் திப்பம்பட்டில பம்ப் வெச்சு ஏத்தி சேலம் மாவட்டத்துல 100 ஏரிய நிரப்பறதுதான் திட்டம், பாசனம் 4 ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல. உடனே டெல்டா விவசாய சங்கங்க எதிர்ப்புக் கிளப்பினாங்க, இன்னிக்கு உபரின்னு ஆரம்பிப்பீங்க, நாளைக்கு எங்க பங்குல கை வைப்பீங்கன்னு. மேல கர்நாடகாகிட்ட பட்ட அனுபவத்துல அவங்க பயப்படறதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனா கேக்கற அளவையும் பாக்கணும் இல்லையா, மொத்தமே 0.555 டிஎம்சி. அணைல இருந்து விநாடிக்கு 12 ஆயிரம் கன அடி விட்டா ஒரு நாளைக்கு ஒரு டிஎம்சி போயிடும், அந்தக் கணக்குல இது அரை நாள்ல கொஞ்சம் கூடத் தண்ணி. 2021 பிப்ரவரில முதல் கட்டம் தொடங்கிச்சு, எம்.காளிப்பட்டி ஏரிக்குத் தண்ணி போச்சு. மேட்டூர்ல 1934ல தண்ணி தேக்க ஆரம்பிச்சது, பக்கத்து ஊரு ஏரிக்கு வந்து சேர 86 வருஷம் ஆயிருக்கு.